வலி போய்விட்டால் மாவுக்கட்டைப் பிரிக்கலாமா?

பொள்ளாச்சியில் தென்னையிலிருந்து விழுந்து மணிக்கட்டருகே எலும்பு முறிந்த உங்கள் மாமாவுக்கு மூன்றாவது வாரமே வலி இல்லை, கட்டைப் பிரிக்கலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். கூடாது. முறிந்த இடத்தில் முதலில் இரத்தம் உறைகிறது. பிறகு நாரும் குருத்தெலும்பும் கலந்த மெத்தென்ற திசு இரு முனைகளையும் பிணைக்கிறது. வலி குறைவது இந்தக் கட்டத்தில்தான். மரம் ஏறினால் மறுபடி விலகிவிடும். அந்த மெத்தென்ற திசுவில் கால்சியம் படிந்து இறுக, மணிக்கட்டுக்குச் சுமார் 6 வாரம் ஆகும். கெண்டைக்கால் எலும்பென்றால் 3, 4 மாதம்கூட ஆகலாம். பீடி பிடிப்பவரென்றால் இன்னும் தாமதமாகும், அதை முதலில் நிறுத்தச் சொல்லுங்கள்.

சிறுவர்களுக்குப் பச்சை மிளாறுபோல் ஒருபக்கம் மட்டும் பிளப்பது சீக்கிரம் கூடிவிடும். எலும்பு தோலைக் கிழித்து வெளியே வந்திருந்தால் எண்ணெய்க் கட்டுக்கு அலையாமல் நேரே மருத்துவமனைக்குப் போக வேண்டும். எந்தக் கட்டானாலும் விரல் மரத்து நீலம் பாய்ந்தால் விடியும்வரை காத்திருக்காதீர்கள்.