கேழ்வரகுக் களிக்கு மாறினால் மட்டும் போதுமா?

கேள்வி: ஐயா, எனக்கு வயது 38. வீட்டிலிருந்தபடியே பீடி சுற்றுகிறேன். அண்மையில் எடுத்த பரிசோதனையில் வெறும் வயிற்றுச் சர்க்கரை 114, மூன்று மாதச் சராசரி 6.1 என்று வந்தது. என் தாயாருக்கும் சர்க்கரை நோய் உண்டு. சோற்றை விட்டுவிட்டு இரண்டு வேளையும் கேழ்வரகுக் களி சாப்பிடுகிறேன். இது போதுமா? எனக்கும் நோய் வந்தே தீருமா?
– ஒரு வாசகி, குடியாத்தம்

பதில்: வந்தே தீரும் என்பதில்லை, சகோதரி. தாயாருக்கு இருப்பதால் உங்களுக்கு வாய்ப்பு கூடுதல் என்பது உண்மைதான். ஆனால் வெறும் வயிற்றில் 126, சராசரியில் 6.5 என்ற அளவுகளை எட்டினால்தான் அது சர்க்கரை நோய். நீங்கள் அதற்கு முந்தைய நிலையில் இருக்கிறீர்கள். அத்தகைய நிலையில் இருந்த 531 பேரை ஏறத்தாழ மூன்று ஆண்டுகள் கவனித்து, 2006-இல் சென்னை மருத்துவர்கள் வெளியிட்ட ஆய்வில், வழக்கம்போல் வாழ்ந்தவர்களில் 55 விழுக்காட்டினருக்கு நோய் வந்தது; உணவையும் நடையையும் திருத்திக்கொண்டவர்களில் அது 39 விழுக்காடாகக் குறைந்தது. இத்தனைக்கும் அவர்களுடைய எடை பெரிதாகக் குறைந்துவிடவில்லை.

களியைப் பற்றிச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும், ஏனெனில் நம் வடார்க்காட்டில் பலரும் ஏமாறும் இடம் அதுதான். கேழ்வரகில் நார்ச்சத்தும் சுண்ணாம்புச் சத்தும் அரிசியைவிட மிகுதி என்றாலும், அதிலும் பெரும்பகுதி மாவுச்சத்தே. போதாக்குறைக்கு, நம் வீடுகளில் நொய்யரிசியை வேகவிட்டு, அதன் மேல் நைசாக அரைத்த மாவைக் கொட்டித்தான் களி கிளறுகிறோம். அதை மெல்லாமல் விழுங்கவும் செய்கிறோம். ஆகவே வேளைக்கு இரண்டு பெரிய உருண்டை உண்டால், சர்க்கரை சோற்றுக்கு ஏறுவதைப் போலவே ஏறக்கூடும். நொய்யைக் குறைத்து, சலிக்காத மாவில் கிளறி, சிறிய உருண்டை ஒன்றோடு நிறுத்திக்கொண்டு, தட்டில் பாதியைக் கீரைக் கடைசலுக்கும் காய்க்கும் ஒதுக்குங்கள். கொள்ளோ பயறோ முட்டையோ ஒன்று கட்டாயம் இருக்கட்டும். அவ்வாறு உண்பதாக இருந்தால் ஒரு வேளை சோறு சாப்பிடுவதிலும் தவறில்லை.

உங்கள் கடிதத்தில் எனக்குக் கூடுதல் கவலை தருவது, மடியில் முறத்தை வைத்துக்கொண்டு மணிக்கணக்கில் நீங்கள் உட்கார்ந்திருப்பதுதான். இரத்தத்திலுள்ள சர்க்கரையை அதிகமாக எடுத்துக்கொள்வது தசைகள். அவை அசையாதபோது அந்த வேலை மந்தமாகிறது. அரை மணிக்கு ஒருமுறை முறத்தை இறக்கி வைத்து, இரண்டு மூன்று நிமிடம் நடங்கள். சாப்பிட்டவுடன் கட்டு போட உட்காராமல், தெருவில் பத்து நிமிடம் நடந்துவிட்டு வந்தால் மிகவும் நல்லது. இதைத் தவிர வாரத்திற்கு 150 நிமிட விரைநடை தேவை. கத்திரி வெயில் காலத்தில் அதை விடியலிலோ இருட்டிய பிறகோ வைத்துக்கொள்ளுங்கள். இடுப்புச் சுற்றளவு 80 சென்டிமீட்டருக்கு மேல் இருந்தால் அதைக் குறைக்கவும் முயலுங்கள்.

இரத்த அழுத்தத்தையும் பார்த்துவிடுங்கள். ஊறுகாய், கருவாடு உட்பட எல்லாம் சேர்த்து ஒரு நாளைய உப்பு ஒரு தேக்கரண்டியைத் தாண்ட வேண்டாம். அரசு ஆரம்ப சுகாதார நிலையங்களில் இந்தப் பரிசோதனைகளைக் கட்டணமின்றிச் செய்துகொள்ளலாம். குளுக்கோஸ் குடித்து இரண்டு மணி நேரம் கழித்துச் செய்யும் பரிசோதனை உங்களுக்குத் தேவையா என்றும் அங்குள்ள மருத்துவரிடம் கேளுங்கள். பிறகு ஆண்டுக்கு ஒருமுறையேனும் சர்க்கரை அளவைத் தவறாமல் பாருங்கள். இடையில் அடங்காத தாகமோ, அடிக்கடி சிறுநீர் கழிப்பதோ, காரணமில்லாத மெலிவோ தெரிந்தால் அதுவரை காத்திராமல் உடனே செல்லுங்கள்.