எதிர்காற்றில் கவிழும் வட்டு

கேள்வி: அமெரிக்காவின் கன்சாஸ் மாநிலத்தில், மரங்களே இல்லாத புல்வெளித் திடலில் டிஸ்க் கோல்ஃப் (தட்டையான வட்டை எறிந்து, சங்கிலிகள் தொங்கும் கூடைக்குள் விழச் செய்யும் விளையாட்டு) ஆடி வருகிறேன். வலக்கையால் பேக்ஹேண்ட் முறையில், அதாவது கையை உடலுக்குக் குறுக்கே கொண்டுசென்று வெளிநோக்கி வீசி, எறிகிறேன். காற்றில்லாத நாளில் நேராகச் செல்லும் வட்டு, எதிர்காற்றில் வலப்புறம் கவிழ்ந்து தரையில் மோதுகிறது. இன்னும் வேகமாக எறிவது பயன் தருமா?

பதில்: பயன் தராது, வட்டு முன்னைவிட விரைவாகவே கவிழும். வட்டின் போக்கைத் தீர்மானிப்பது அதன் மீது பாயும் காற்றின் வேகம். நீங்கள் விநாடிக்கு 25 மீட்டர் வேகத்தில் எறியும்போது எதிரே 5 மீட்டர் வேகத்தில் காற்று வீசினால், வட்டைப் பொறுத்தவரை அது 30 மீட்டர் வேகப் பறப்பாகும். காற்றின் விசை வேகத்தின் இருமடிக்கு ஏற்ப வளர்வதால், அதே கோணத்தில் அது 1.44 மடங்காகிறது. வேகம் மிகும்போது தூக்குவிசை வட்டின் மையத்துக்குச் சற்றுப் பின்னால் செயல்பட்டு முன்விளிம்பைக் கீழே அழுத்த முயல்கிறது. ஆனால் வட்டு வலஞ்சுழியாகச் சுழன்றுகொண்டிருப்பதால், அந்த அழுத்தம் முன்புறச் சாய்வாக வெளிப்படாமல் வலப்புறச் சாய்வாக வெளிப்படுகிறது. நீங்கள் காணும் கவிழ்தல் இதுதான்.

ஆகவே, கையின் வேகத்தைச் சற்றுக் குறைத்து, எளிதில் கவிழாத வட்டைத் தேர்ந்தெடுங்கள். பல நிறுவனங்கள் வட்டின் மீது அச்சிடும் நான்கு எண்களில் மூன்றாவது எண் கவிழும் இயல்பைக் காட்டுகிறது. எதிர்காற்றுக்கு −3 வேண்டாம், 0 வேண்டும். எடையும் 175 கிராமை ஒட்டி இருக்கட்டும். பலமுறை அடிபட்டுத் தேய்ந்த வட்டு, எண் எதுவாக இருந்தாலும் எளிதில் கவிழும் என்பதைப் பலர் கவனிப்பதில்லை. முன்விளிம்பு மேல்நோக்கி இருந்தால் காற்று வட்டை உயரே தூக்கிவிடும் என்பதால் தாழ்வாக எறிவதே பாதுகாப்பானது.

அதே வேகப் பின்காற்றில் விசை 0.64 மடங்காகக் குறைகிறது. வட்டு சீக்கிரம் தாழ்ந்து இடப்புறம் விழும். எடை குறைந்த, எளிதில் கவிழும் வட்டைச் சற்று உயர்த்தி எறியலாம்.

கேள்வி: பக்கக்காற்றில் கூடைக்குள் எறிவது எனக்கு இன்னும் கடினமாக உள்ளது. என்ன செய்வது?

பதில்: இடவிளிம்பு தாழ்ந்த ஹைசர் கோணத்தில் எறிபவராயின், காற்று எந்தப் பக்கத்திலிருந்து வருகிறது என்பதை முதலில் பாருங்கள். வலப்புறக் காற்று வட்டின் அடிப்பகுதியில் மோதி அதைத் தூக்கி இடப்பக்கம் கொண்டுபோகும். இடப்புறக் காற்றோ மேற்பகுதியில் மோதி அதைத் தரைக்கு அழுத்தும். முன்னதற்குக் கூடையின் வலப்பக்கம் தாழ்வாகவும், பின்னதற்குச் சங்கிலிகளின் மேற்பகுதியிலும் குறிவைக்க வேண்டும். கூடையிலிருந்து 10 மீட்டருக்குள் எறிந்த பின் நிலைதடுமாறாமல் நின்ற பிறகே முன்னே நகரலாம் என்பது விதி. எனவே, கால்களை அகட்டி ஊன்றி, காற்று சற்றுத் தணியும் நொடிக்காகக் காத்திருப்பது நல்லது. ஆனால் விதி தரும் 30 விநாடிகளைத் தாண்டக் கூடாது. 15 மீட்டர் தொலைவில் பலத்த காற்று வீசும்போது கூடையை நேரே குறிவைப்பதைவிட, அதன் அருகே வட்டைத் தட்டையாக இறக்கி, அடுத்த எறிதலில் முடிப்பதையே நான் பரிந்துரைப்பேன். தவறிய வட்டு விளிம்பில் நின்று உருளத் தொடங்கினால், திறந்த புல்வெளியில் அதைத் தடுக்க எதுவும் இல்லை.