ஆயிரக்கணக்கில் மேற்கோள் இருந்தால் நல்ல வழிகாட்டியா?

அன்புள்ள அம்மா,

காரிமங்கலத்திலிருந்து நீங்கள் எழுதியதைப் படித்தேன். மகள் எம்.எஸ்சி. உயிர்வேதியியல் முதலாண்டு படிக்கிறாள், ரத்தக் கொதிப்பில் பிஎச்.டி. செய்ய ஆசைப்படுகிறாள், வீட்டிலோ கல்யாணப் பேச்சு நடக்கிறது. அவள் மனதில் வைத்திருக்கும் பேராசிரியருக்கு ஆயிரக்கணக்கில் 'சைட்டேஷன்' இருக்கிறதாம், அது போதுமா என்று கேட்டிருக்கிறீர்கள். போதாது.

ஒருவரின் ஆய்வுக் கட்டுரையைப் பின்னால் வருபவர்கள் தங்கள் கட்டுரையில் சுட்டிக்காட்டினால் அது ஒரு சைட்டேஷன், அதாவது மேற்கோள். எச்-இன்டெக்ஸ் என்று மகள் சொல்லியிருப்பாளே, அது 2005இல் ஹோர்ஹே ஹிர்ஷ் என்ற இயற்பியலாளர் முன்வைத்த கணக்கு. ஒருவருக்கு அது 40 என்றால், தலா 40 முறையாவது மேற்கோள் காட்டப்பட்ட 40 கட்டுரைகள் அவருக்கு இருக்கின்றன. ஒரே கட்டுரைக்கு 5,000 மேற்கோள் வந்து மற்றவற்றை யாருமே தொடவில்லை என்றால் எச்-இன்டெக்ஸ் வெறும் 1தான்.

ரத்த அழுத்தத் துறையில் இந்த எண்கள் சட்டென்று பெருகும். அமெரிக்காவில் 9,361 பேரை வைத்து 'ஸ்பிரின்ட்' என்றோர் ஆய்வு நடந்தது. மேல் அழுத்தம் 140க்குக் கீழே இருந்தால் போதுமா, 120க்குக் கீழே கொண்டுவர வேண்டுமா என்பது கேள்வி. 2015இல் முடிவு வெளியானது. அதற்குப் பிறகு இந்த இலக்கைப் பற்றி எழுதுகிறவர்கள் அதைச் சொல்லாமல் நகர முடியாது. அப்படியொரு பெரிய குழுவில் பெயர் இருப்பவரையும், சிறிய ஆய்வகத்தில் சிறுநீரக நொதி ஒன்றை வைத்துப் பாடுபடுபவரையும் ஒரே எண்ணால் அளப்பது நியாயமே இல்லை.

மதிப்பு தாமதமாக வருவதும் உண்டு. 1898இல் ஸ்வீடனில் டிகெர்ஸ்டெட், பெர்க்மன் என்ற இருவர் முயலின் சிறுநீரகச் சாற்றை வேறு முயல்களுக்குச் செலுத்தி, அழுத்தம் ஏறுவதைப் பார்த்தார்கள். சாற்றிலிருந்த பொருளுக்கு 'ரெனின்' என்று பெயர் வைத்தார்கள். பல பத்தாண்டுகள் அதை யாரும் பெரிதாகக் கண்டுகொள்ளவில்லை. 1934இல் கோல்ட்பிளாட் என்ற அமெரிக்க மருத்துவர் நாய்களின் சிறுநீரக ரத்தக்குழாயை இறுக்கி அழுத்தத்தை ஏற்றிக் காட்டிய பிறகுதான் திரும்பிப் பார்த்தார்கள். இன்று நம் வீட்டுப் பெரியவர்கள் போடும் எனலாப்ரில், டெல்மிசார்ட்டான் எல்லாம் அந்த ரெனின் வழியில் வந்த மாத்திரைகளே. நம் நாட்டு உதாரணமும் இருக்கிறது. சர்ப்பகந்தி என்ற மூலிகையின் வேரை ரத்தக் கொதிப்புள்ள 50 நோயாளிகளுக்குக் கொடுத்துப் பார்த்து, பம்பாய் மருத்துவர் ருஸ்தம் ஜால் வக்கீல் 1949இல் எழுதிய கட்டுரை உலகத்தையே கவனிக்க வைத்தது. எட்டு ஆண்டு கழித்து, 1957இல்தான் அவருக்கு லாஸ்கர் என்ற அமெரிக்க மருத்துவ விருது கிடைத்தது.

சரி, வழிகாட்டியை எப்படித்தான் தேர்ந்தெடுப்பது? கடைசி ஐந்து வருடக் கட்டுரைகளை மகளை எடுக்கச் சொல்லுங்கள். எழுதியவர்கள் வரிசையில் முதல் பெயர் மாணவருடையதாக இருக்கிறதா? உயிரியல், மருத்துவக் கட்டுரைகளில் பெரும்பாலும் வேலை செய்தவர் முதலிலும் ஆய்வகத்தை நடத்துபவர் கடைசியிலும் வருவார்கள். மாணவர் பெயர் எப்போதும் நடுவிலேயே புதைந்து கிடந்தால் யோசிக்க வேண்டும். அவரிடம் முடித்தவர்கள் இப்போது எங்கே இருக்கிறார்கள், எத்தனை வருடத்தில் முடித்தார்கள், ஆய்வுக்கு நிதி ஓடிக்கொண்டிருக்கிறதா, இதையெல்லாம் அங்கே படிக்கும் மாணவர்களிடமே போனில் கேட்கட்டும். நான் எந்த எண்ணையும்விட இந்தப் பதில்களைத்தான் நம்புவேன். அப்புறம், பணம் வாங்கிக்கொண்டு இரண்டே நாளில் கட்டுரை போடும் இதழ்களின் பக்கமே அவள் போகக் கூடாது. அந்தக் கறை பின்னால் நேர்காணலில் தெரியும்.

பணத்தைப் பற்றிய உங்கள் கவலை நியாயமானது. சி.எஸ்.ஐ.ஆர்.-யு.ஜி.சி. நெட் தேர்வில் உயிர் அறிவியல் பிரிவில் ஜே.ஆர்.எஃப். எனும் இளநிலை ஆய்வு உதவித்தொகை வாங்கினால், 2023 ஜனவரி முதல் நடப்பில் உள்ள விகிதப்படி, முதல் இரண்டு ஆண்டுகள் மாதம் 37,000 ரூபாய், பிறகு 42,000 ரூபாய். விடுதி இல்லையென்றால் வீட்டு வாடகைப் படி தனி. ஜே.ஆர்.எஃப். வயது வரம்பில் பெண்களுக்கு 5 ஆண்டு தளர்வும் உண்டு. அதனால் கல்யாணம் நடந்தாலும் கதவு மூடிவிடாது. மாப்பிள்ளை வீட்டாரிடம் இதை முன்கூட்டியே, வெளிப்படையாகப் பேசிவிடுங்கள். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகமான ஐ.சி.எம்.ஆர். தரும் ஜே.ஆர்.எஃப்.புக்குத் தேர்வு அறிவிப்பு வந்தால் அதையும் விடாமல் எழுதட்டும்.

நல்ல ஆய்வுக் கேள்விக்கு அவள் தொலைவில் போக வேண்டியதில்லை. ரத்தக் கொதிப்புக்கும் சர்க்கரைக்கும் வீட்டுக்கே மருந்து கொண்டு தரும் 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டம் 2021 ஆகஸ்ட் 5 அன்று தொடங்கியதே பக்கத்துக் கிருஷ்ணகிரி மாவட்டத்துச் சாமனப்பள்ளியில்தான். வீட்டுக்கே மருந்து வந்தும் சிலர் மாத்திரையை ஏன் பாதியில் நிறுத்துகிறார்கள்? ஊறுகாயிலும் கருவாட்டிலும் சேரும் உப்பு எவ்வளவு? எம்.எஸ்சி. புராஜெக்டுக்கே இது போதும். ஆனால் கல்லூரியின் நெறிமுறைக் குழு அனுமதியும், ஆரம்ப சுகாதார நிலைய மருத்துவரின் சம்மதமும் முதலில் வாங்க வேண்டும். அளக்கும்போது ஐந்து நிமிடம் உட்கார வைத்து, கை இதய மட்டத்தில் இருக்க, இரண்டு முறையாவது பார்க்க வேண்டும். அளவு தவறினால் அதன்மேல் எழுதும் கட்டுரை மொத்தமும் தவறு.

இன்னொன்று, புள்ளியியலை இப்போதே பிடிக்கச் சொல்லுங்கள். 'ஆர்' மென்பொருள் இலவசம், சாதாரண லேப்டாப்பே போதும். உயிர்வேதியியலோடு இதுவும் தெரிந்தவளுக்கு, பிஎச்.டி. இடம் ஒரு வருடம் தள்ளிப்போனாலும், ஆய்வுத் திட்டங்களில் உதவியாளர் வேலைக்கு முயற்சி செய்ய வழி இருக்கும். அடுத்த கடிதத்தில் அவளே எழுதட்டும். பேராசிரியரின் பெயரைவிட, எந்தக் கேள்விக்கு விடை தேட விரும்புகிறாள் என்பதை நாலு வரியில் எழுதினால், பொருத்தமான துறைகளை நான் சொல்கிறேன்.