85 லட்சம் சொல்லும் வீட்டை 52 லட்சத்துக்குக் கேட்கலாமா?

கேள்வி: 12 ஆண்டுப் பழைய வீடு ஒன்று எட்டு மாதமாக விற்பனைக்கு இருக்கிறது. உரிமையாளர் 85 லட்சம் சொல்கிறார். பக்கத்துத் தெருவில் ஏறக்குறைய இதே அளவு வீடு 65 லட்சத்துக்குப் போனது. வழிகாட்டி மதிப்பு (பதிவுக்கு அரசு வைத்திருக்கும் குறைந்தபட்ச மதிப்பு), நிலத்துக்கும் கட்டடத்துக்கும் சேர்த்து 60 லட்சம் வருகிறது. 52 லட்சத்தில் பேச்சைத் தொடங்க நினைக்கிறேன். அவ்வளவு குறைத்துக் கேட்டால் உரிமையாளர் முகம் கொடுக்க மாட்டார், ஒரு லட்சம் டோக்கனோடு போனால்தான் உட்கார்ந்து பேசுவார் என்கிறார் தரகர். வில்லங்கச் சான்றிதழில் ஒரு வங்கி அடமானம் தெரிகிறது. மாடிக்கு அனுமதி இல்லை. உயில் எழுதாமல் இறந்த அப்பாவிடமிருந்து வந்த சொத்து. உரிமையாளருக்கு ஒரு தங்கை இருக்கிறார். எப்போது, எவ்வளவு குறைத்துக் கேட்கலாம்? கேட்ட விலைக்கே அவர் சரி என்றுவிட்டால் நான் கட்டுப்பட்டவனா?

பதில்: குறைத்துக் கேட்க ஏற்ற நேரம் ஒன்றுதான். பத்திரங்களை எல்லாம் படித்து முடித்த பிறகு, கையிலிருந்து ஒரு ரூபாயும் போவதற்கு முன். தரகர் சொல்வது இதற்கு நேர் எதிரான வரிசை.

முதலில் உங்கள் கடைசிக் கேள்வி. விற்பனைக்கு என்று ஒருவர் விலை சொல்வது, உங்களை விலை கேட்க அழைப்பது மட்டுமே. விலை கேட்பவர் நீங்கள். ஏற்பதும் மறுப்பதும் அவர் கையில். நீங்கள் கேட்ட விலையை அவர் எந்த மாற்றமும் இல்லாமல் ஏற்றால்தான் ஒப்பந்தம் பிறக்கும் என்கிறது 1872-ஆம் ஆண்டு இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் 7-ஆம் பிரிவு. '52 முடியாது, 70 என்றால் பேசலாம்' என்று அவர் சொன்ன நிமிடமே உங்கள் 52 செத்துவிட்டது. இப்போது களத்தில் இருப்பது அவருடைய 70. இது உங்களுக்கும் பொருந்தும். 1840-இல் இங்கிலாந்தில் ஒருவர் தன் பண்ணையை 1,000 பவுண்டுக்குத் தர முன்வந்தார். வாங்க வந்தவர் 950-க்குக் கேட்டார். மறுப்பு வந்ததும் 'சரி, 1,000-க்கே எடுத்துக்கொள்கிறேன்' என்றார். குறைத்துக் கேட்டபோதே முதல் வாய்ப்பு முடிந்துவிட்டது, ஒப்பந்தமே இல்லை என்றது நீதிமன்றம். உரிமையாளர் எழுத்தில் ஒரு விலை தந்து, அது உங்களுக்குக் கட்டுப்படியும் ஆகிறது என்றால், இன்னும் இரண்டு லட்சம் அடித்துப் பார்க்கலாமே என்று இழுக்கும் முன் இந்தப் பண்ணை நினைவில் இருக்கட்டும்.

அவர் உடனே 'சரி' என்றுவிட்டால்? 'பதிவு செய்யாத பேச்சுதானே' என்று அலட்சியமாக இருக்க வேண்டாம். தமிழ்நாட்டில் 1.12.2012 முதல் விற்பனை ஒப்பந்தத்தைப் பதிவு செய்வது கட்டாயம். ஆனால் பதிவாகாத ஒப்பந்தத்தையும், ஒப்பந்தத்தை நிறைவேற்றக் கோரும் வழக்கில் சாட்சியமாக ஏற்கலாம் என்று 2023-இல் உச்ச நீதிமன்றம் தமிழ்நாட்டு வழக்கு ஒன்றிலேயே சொல்லியிருக்கிறது. குறிப்பிட்ட நிவாரணச் சட்டத்தில் (Specific Relief Act) 2018-இல் வந்த திருத்தத்துக்குப் பிறகு, ஒப்பந்தத்தை நிறைவேற்றச் சொல்வது நீதிமன்றத்தின் விருப்பம் சார்ந்த விஷயமும் அல்ல. எனவே வாட்ஸ்அப்பில் '52-க்கு எடுத்துக்கொள்கிறேன்' என்று மொட்டையாக எழுதாதீர்கள். விலை, அது எத்தனை நாள் செல்லும், வழக்கறிஞர் கருத்தும் வங்கி மதிப்பீடும் திருப்தியாக இருந்தால் மட்டுமே, இரு தரப்பும் கையெழுத்திடும் ஒப்பந்தம் வரும்வரை யாரையும் கட்டுப்படுத்தாது: இந்த நான்கும் நான்கு வரியில் அடங்கிவிடும். ஏழு நாள் என்று குறிப்பிட்டால் எட்டாம் நாள் அது தானாகக் காலாவதியாகும். அதற்குள் மனம் மாறினால், அவர் ஏற்பைத் தெரிவிக்கும் முன் திரும்பப் பெற்றுக்கொள்ளலாம்.

இனி 52 என்ற எண். குறைந்த விலைக்கு வாங்கினார் என்பதற்காக எந்தக் கிரயமும் செல்லாமல் போவதில்லை. (விற்பவர் தள்ளாத வயதினராகவோ நோயாளியாகவோ இருப்பது போன்ற நிலையில், சம்மதம் மனமுவந்து தரப்பட்டதா என்று பார்க்கும்போது நீதிமன்றம் விலையையும் கணக்கில் எடுக்கும்.) ஆனால் வழிகாட்டி மதிப்பு உங்களுக்குக் கீழே ஒரு தரை போட்டிருக்கிறது. நீங்கள் 52-க்கு முடித்தாலும் முத்திரைத்தீர்வை 7 சதவீதமும் பதிவுக்கட்டணம் 2 சதவீதமும் 60 லட்சத்துக்குத்தான்: 5 லட்சத்து 40 ஆயிரம். இது பெரிய அடி இல்லை. பெரிய அடி வருமான வரியில் இருக்கிறது. வழிகாட்டி மதிப்புக்கும் கிரய விலைக்கும் உள்ள வித்தியாசம் கிரய விலையில் 10 சதவீதத்தைத் தாண்டினால், வித்தியாசம் முழுவதும் வாங்குபவரின் வருமானமாகக் கருதப்படும். 52 லட்சத்தில் 10 சதவீதம் 5 லட்சத்து 20 ஆயிரம்; உங்கள் வித்தியாசம் 8 லட்சம். நீங்கள் 30 சதவீத வரம்பில் இருந்தால் 2 லட்சத்து 40 ஆயிரமும் அதன்மேல் கூடுதல் தீர்வையும் கட்ட வேண்டும். விற்பவருக்கும் 52 அல்ல, 60-ஐ விற்பனை விலையாக வைத்துத்தான் மூலதன ஆதாயம் (சொத்தை விற்றதில் கிடைத்த லாபம்) கணக்கிடுவார்கள். அவருடைய ஆடிட்டர் இதை முதல் நாளே சொல்லிவிடுவார். பேச்சு அங்கேயே உடையும்.

60-ஐ 1.1-ஆல் வகுத்தால் 54 லட்சத்து 55 ஆயிரம். அதற்கு மேல் எந்த விலையில் முடிந்தாலும், விலை வித்தியாசத்தால் வரும் இந்தக் கூடுதல் வரி இரு பக்கமும் இல்லை. 52-இல் பேச்சைத் தொடங்குவதால் மட்டும் வரி வராது, அங்கே முடிந்தால்தான் வரும். ஆனாலும் முடிக்க விரும்பாத எண்ணை எதற்காக எழுத்தில் கொடுக்க வேண்டும்? 56-இல் தொடங்குங்கள்.

மேல் எல்லையை வங்கி காட்டும். பக்கத்துத் தெரு பத்திரத்தின் நகலை எடுத்துப் பார்க்கலாம். ஆனால் வழிகாட்டி மதிப்பை ஒட்டியே விலை எழுதும் பழக்கம் இருப்பதால், பத்திர விலையைச் சந்தை விலைக்குச் சான்றாக நான் பெரிதாக நம்புவதில்லை. கடன் தரும் வங்கியின் மதிப்பீட்டாளர் என்ன போடுகிறார் என்பது பயனுள்ள எண். அனுமதியில்லாத மாடியை அவர் பெரும்பாலும் கணக்கில் சேர்க்க மாட்டார். அவர் 58 போட்டு, நீங்கள் 66-க்கு ஒப்புக்கொண்டால், கடன் 58-இல் 80 சதவீதம்தான் (30 லட்சத்துக்கு மேல் 75 லட்சம் வரையிலான வீட்டுக் கடனுக்கு ரிசர்வ் வங்கி வைத்திருக்கும் உச்சவரம்பு). அதாவது 46 லட்சத்து 40 ஆயிரம். மீதி 19 லட்சத்து 60 ஆயிரமும், பதிவுச் செலவு ஏறக்குறைய 6 லட்சமும் உங்கள் சேமிப்பிலிருந்து போக வேண்டும். '85 அதிகம்' என்று வாதாடுவதைவிட 'வங்கி 58-தான் போடுகிறது' என்று காகிதத்தைக் காட்டுவது விற்பவரின் மானத்தையும் காப்பாற்றும், விலையையும் இறக்கும்.

அடுத்து, நீங்கள் சொன்ன மூன்று குறைகள். மூன்றையும் ஒரே பையில் போட்டு 'இவ்வளவு குறை இருக்கிறதே, குறைத்துக்கொடுங்கள்' என்று பேசுவதுதான் வாங்குபவர்கள் வழக்கமாகச் செய்யும் தவறு. சில குறைகளுக்கு விலை உண்டு, சிலவற்றுக்கு எந்த விலையும் இல்லை.

மாடி, விலை பேசக்கூடிய குறை. அதன் மதிப்பைப் பூஜ்யமாக வைத்துக்கொண்டு பேசுங்கள். இடிப்பு நோட்டீஸ் நாளை உங்கள் பெயருக்குத்தான் வரும். வேடிக்கை என்னவென்றால், பதிவின்போது நிற்கும் கட்டடம் முழுவதையும் மதிப்பிடுவதால் அந்த மாடிக்கும் சேர்த்தே தீர்வை கட்டுவீர்கள். இதையும் பேச்சில் சொல்லுங்கள்.

அடமானம் குறையே அல்ல, அதுவொரு தகவல். கடன் பாக்கி எவ்வளவு என்ற கணக்கு அறிக்கையைக் கேளுங்கள். பாக்கி 57 லட்சம் என்றால் 56-க்கு அவரால் விற்கவே முடியாது. தவணை தவறி, வங்கி 60 நாள் கெடு வைத்து சர்பேசி சட்ட (அடமானச் சொத்தை வங்கியே கைப்பற்றி விற்க வழிசெய்யும் சட்டம்) நோட்டீஸ் கொடுத்திருந்தால், விற்பவர் அவசரத்தில் இருப்பார். குறைத்துக் கேட்க இதைவிட நல்ல நேரம் இல்லை என்று தோன்றும். ஆனால் அந்த நோட்டீஸுக்குப் பிறகு வங்கியின் எழுத்துப்பூர்வ சம்மதம் இல்லாமல் அவர் விற்கக் கூடாது. பாக்கியை வங்கியின் பெயருக்கே நேரடியாகச் செலுத்தி, மீதியை மட்டும் அவருக்குக் கொடுங்கள். கடன் தீர்ந்த 30 நாளுக்குள் வங்கி மூலப் பத்திரங்களைத் திருப்பித் தர வேண்டும். தாமதத்துக்கு நாளொன்றுக்கு 5,000 ரூபாய் இழப்பீடு என்பது 2023 டிசம்பர் முதல் விதி.

தங்கை விஷயத்தில் விலை பேசாதீர்கள். எந்த மதத்தின் வாரிசுரிமைச் சட்டமானாலும் மகளுக்குப் பங்கு உண்டு, அளவுதான் மாறும். அம்மா உயிரோடு இருந்தால் அவருக்கும் உண்டு. தங்கை தன் பங்கை விட்டுக்கொடுக்கும் விடுதலைப் பத்திரம் பதிவு செய்து கொடுத்திருக்க வேண்டும், அல்லது கிரயத்தில் அவரும் கையெழுத்திட வேண்டும். அதில்லாமல் 40 லட்சத்துக்குக் கிடைத்தாலும் நீங்கள் வாங்குவது அண்ணனின் பங்கை மட்டுமே. குடும்ப வீட்டில் பங்கு வாங்கிய வெளியாளுக்கு, கூட்டாகக் குடியிருக்கும் உரிமை கிடையாது என்று சொத்துரிமை மாற்றுச் சட்டத்தின் 44-ஆம் பிரிவு சொல்கிறது. அதாவது பணம் கொடுத்த பிறகு பாகப்பிரிவினை வழக்கு. எட்டு மாதமாக வீடு விற்காததற்கு விலைதான் காரணமா, அல்லது முன்பு வந்தவர்களின் வழக்கறிஞர்கள் இதைப் பார்த்துவிட்டு எழுந்து போனார்களா என்று தரகரிடம் கேளுங்கள். வில்லங்கத்தில் வேறு யாருடைய விற்பனை ஒப்பந்தமும் ரத்தாகாமல் இருந்தால், அதற்கும் இதே பதில்தான்.

டோக்கன் வேண்டாம். விலையும் நிபந்தனையும் எழுதாமல் கொடுத்த பணத்தைத் திரும்பக் கேட்கும்போது, 'அது ஒப்பந்தத்தை உறுதிசெய்யக் கொடுத்த ஈடு, நீங்கள் பின்வாங்கினீர்கள், திருப்பித் தர மாட்டேன்' என்பார்கள். ஈட்டுப் பணம் வேறு, விலையின் ஒரு பகுதியாகக் கொடுத்த முன்பணம் வேறு என்று உச்ச நீதிமன்றம் பிரித்துப் பார்க்கிறது. உங்கள் காகிதத்தில் எது எழுதியிருக்கிறது என்பதை வைத்துத்தான் அந்தப் பிரிவினை. தவிர்க்கவே முடியாவிட்டால் வங்கி வழியாக, 'பத்திரங்கள் திருப்தி இல்லையெனில் ஏழு நாளில் முழுவதும் திருப்பித் தரப்படும்' என்ற ரசீதோடு கொடுங்கள். வீட்டுக்கான முன்பணமாக 20,000 ரூபாயோ அதற்கு மேலோ ரொக்கமாக வாங்குபவருக்கு அதே தொகை அபராதம் உண்டு. அபராதம் அவருக்கு, சாட்சியமில்லாத நஷ்டம் உங்களுக்கு.

பேச்சு முடியும் தறுவாயில் இன்னொரு யோசனை வரும்: '72-க்கு வைத்துக்கொள்வோம், பத்திரத்தில் 60 போடுவோம், 12 கையில் கொடுங்கள்.' அந்த 12-க்கு வங்கி கடன் தராது, ஒப்பந்தம் உடைந்தால் நீதிமன்றத்தில் கேட்க வழியில்லை, பின்னாளில் நீங்கள் விற்கும்போது உங்கள் வாங்கிய விலை 60 என்றே கணக்காகும். 72 என்றால் 72-ஐ எழுதச் சொல்லுங்கள். விலையில் 1 சதவீதத்தைப் பிடித்து (50 லட்சமும் அதற்கு மேலும் உள்ள சொத்துக்கு இது வாங்குபவரின் பொறுப்பு) அவருடைய பான் எண்ணில் கட்டிவிட்டு மீதியை வங்கி வழியாகக் கொடுங்கள்.

விலை படிந்ததும் ஒப்பந்தத்தைப் பதிவு செய்யுங்கள். அன்றைக்கோ அதற்கு முன்போ முன்பணத்தில் ஒரு பகுதியாவது வங்கி வழியாகப் போயிருந்தால், கிரயத்துக்குள் வழிகாட்டி மதிப்பு ஏறினாலும் வருமான வரிக்கு ஒப்பந்த நாள் மதிப்பையே எடுத்துக்கொள்ளலாம். ஒப்பந்தத்தில் தங்கையையும் ஒரு தரப்பாகச் சேர்க்க உரிமையாளர் தயங்கினால், 56-ஐத் திரும்பப் பெற்றுக்கொண்டு வேறு வீடு பாருங்கள்.