மகன் இஸ்லாத்துக்குப் போய்விட்டான், நாங்கள் என்ன குறை வைத்தோம்?

கேள்வி: எனக்கு 54 வயது. சேலம் குகையில் இருக்கிறோம். வீட்டுக்காரர் செவ்வாய்ப்பேட்டையில் சின்னதாகக் கொலுசுப் பட்டறை வைத்திருக்கிறார். ஒரு மகன், ஒரு மகள். மகனுக்கு 28 வயது, பெங்களூரில் கம்ப்யூட்டர் கம்பெனி வேலை, கை நிறையச் சம்பளம். மூன்று மாதத்துக்கு முன்னால் வந்தவன், "அம்மா, நான் கலிமா சொல்லி ஒன்றரை வருஷமாச்சு. உன்கிட்ட மறைக்க மனசு வரலை" என்றான். அடுப்பில் பால் பொங்கி வழிந்ததுகூட எனக்குத் தெரியவில்லை. ஆடித் திருவிழா வண்டி வேடிக்கையில் எட்டு வயதில் முருகன் வேஷம் போட்ட பிள்ளை. அவன் அப்பா அன்றிலிருந்து பேசுவதில்லை. என் தம்பி, "யாரோ மூளைச்சலவை பண்ணிட்டாங்க, இல்லைன்னா பொண்ணு விவகாரம். சொத்துல பங்கு கெடையாதுன்னு எழுதி வாங்கு" என்கிறான். பெண் யாரும் இல்லை என்கிறான் மகன். கொரோனா வந்து அறையில் தனியாகக் கிடந்தபோது, கூட வேலை பார்க்கும் வாணியம்பாடிப் பையன் 15 நாள் சோறு கொண்டுவந்து வாசலில் வைத்தான் என்பது மட்டும் எனக்குத் தெரியும். ஆடி வருகிறது. கெடா வெட்டினால் கறி தொட மாட்டேன் என்கிறான். அவ்வளவு படித்தவன் ஏன் இப்படிப் போகிறான்? நாங்கள் என்ன குறை வைத்தோம்? எனக்குக் கொள்ளி வைப்பது யார்?

– பெயர் வெளியிட விரும்பாத வாசகி, சேலம்

பதில்: சகோதரி, கடைசிக் கேள்விதான் உங்களைத் தூங்க விடவில்லை என்று கடிதத்தைப் படித்ததுமே தெரிந்தது. தட்டிக்கழிக்க மாட்டேன், அதற்கு வருகிறேன். முதலில் 'ஏன்' என்பதைப் பார்ப்போம்.

நான் ஏற்காட்டுக்காரி. என் அம்மாவைப் பெற்ற தாத்தா காபித் தோட்டத்து வேலைக்கு மலையேறி வந்து வேதத்தில் சேர்ந்து கிறிஸ்தவரானவர். "ஏன் தாத்தா சேர்ந்தீங்க?" என்று கேட்டால் ஒவ்வொரு தடவையும் ஒரு காரணம் சொல்வார். காய்ச்சலில் கிடந்தபோது சாமியார் கஞ்சி கொடுத்தனுப்பினார் என்பார். இன்னொரு நாள், "என்னையும் வாங்க போங்கன்னு கூப்பிட்ட மொத ஆளு அவருதான்" என்பார். குடியை விட ஒரு பிடிமானம் வேண்டியிருந்தது என்பார். கடைசிக் காலத்தில், பல்லெல்லாம் போன பிறகு, "அந்தப் பாட்டு புடிச்சிருந்துச்சு கண்ணு" என்றார். எதுவும் பொய்யில்லை. பாட்டி மட்டும் ஞானஸ்நானம் வாங்கிய பிறகும், மே மாதம் சேர்வராயன் குகைக்கோவில் திருவிழாவுக்குப் போவதைச் சாகும்வரை விடவில்லை. தாத்தாவும் கேட்டதில்லை.

இதைச் சொல்லக் காரணம், மதம் மாறியவரிடம் ஒற்றைக் காரணத்தைத் தேடினால் உங்களுக்குக் கிடைக்காது. ஜான் லோஃப்லாண்ட், நார்மன் ஸ்கோனோவ்ட் என்ற இரண்டு அமெரிக்கச் சமூகவியலாளர்கள், மனிதர்கள் மதம் மாறும் வழிகளை ஆறாகப் பிரித்து 1981-இல் எழுதினார்கள். படித்து யோசித்து மாறுவது, திடீரென்று ஓர் அனுபவம் நேர்ந்து மாறுவது, செய்துதான் பார்ப்போமே என்று தொடங்கிப் பிறகு நம்புவது, ஒரு மனிதர்மேல் வைத்த பாசம் வழியாக வருவது, கூட்டத்தின் உணர்ச்சியில் போவது, கட்டாயத்தால் போவது. உங்கள் தம்பிக்குக் கடைசி வழி ஒன்றுதான் தெரிந்திருக்கிறது.

அதே 1981 பிப்ரவரியில்தான், அப்போதைய திருநெல்வேலி மாவட்டத்து மீனாட்சிபுரத்தில் ஏறத்தாழ 180 தலித் குடும்பங்கள் ஒன்றாக இஸ்லாத்தில் சேர்ந்தன. அப்போதும் இதே பேச்சுதான்: வளைகுடாப் பணம், மூளைச்சலவை. வாஜ்பாய் உட்படப் பெரிய தலைவர்கள் அந்தச் சின்ன ஊருக்கு வந்தார்கள். ஊர்க்காரர்கள் சொன்னதோ தீண்டாமையையும் போலீஸ் தொல்லையையும். வேறு சாதிக்காரன் முன்னால் தோளில் துண்டு போட முடியாமல் இருந்தவனுக்கு, பள்ளிவாசல் வரிசையில் யார் பக்கத்திலும் நிற்கலாம் என்பது சாதாரண விஷயமில்லை. பெரியார்கூட, தான் எந்த மதத்துக்கும் போகாவிட்டாலும், இழிவு நீங்க வேண்டுமானால் இஸ்லாத்துக்குப் போங்கள் என்று மேடைகளில் பேசியிருக்கிறார். அமெரிக்காவில் கறுப்பினத் தலைவர் மால்கம் எக்ஸ் 1964-இல் ஹஜ்ஜுக்குப் போய், வெள்ளைத்தோல்காரர்களோடு ஒரே தட்டில் சாப்பிட்டதை வியந்து வியந்து கடிதம் எழுதினார். மீனாட்சிபுரத்தாருக்கு அந்த வியப்பு நன்றாகப் புரிந்திருக்கும்.

உங்கள் மகன் கதை இது இல்லை. அவனுக்கு வீட்டில் மரியாதை இருந்தது, கையில் காசு இருந்தது. அவனுக்குக் கிட்டத்தில் வருகிற ஆள் என்று எனக்குத் தோன்றுகிறவர் முகம்மது அசத். 1900-இல் யூதக் குடும்பத்தில் பிறந்து, லியோபோல்ட் வைஸ் என்ற பெயரில் பத்திரிகைக்காரராக இருந்தவர். 1926-இல் ஒருநாள் பெர்லின் சுரங்க ரயிலில் போகும்போது எதிரே இருந்த முகங்களைப் பார்த்தார். நல்ல உடுப்பு, வயிறு நிறைந்த சனம், ஒரு முகத்திலாவது நிம்மதி இல்லை. வீட்டுக்கு வந்தால் மேசையில் குர்ஆன் திறந்தபடி கிடக்கிறது. கண்ணில் பட்டது 102-ஆம் அத்தியாயம்: இன்னும் இன்னும் என்று பெருக்கிக்கொள்ளும் ஆசை, மண்ணறைக்குப் போகும்வரை உங்களை விடாது என்று தொடங்குவது. அது போதுமாயிருந்தது அவருக்கு. பெர்லினிலேயே ஓர் இந்திய நண்பரிடம் போய்க் கலிமா சொன்னார். பெங்களூரில் ராத்திரி ஷிஃப்ட் முடிந்து கம்பெனி வண்டியில் திரும்புகிற பிள்ளைகளின் முகத்தைப் பார்த்தவர்களுக்கு அந்த ரயில் பெட்டி தெரிந்த இடம்தான்.

நம்மூர் இசையமைப்பாளர் ஏ.ஆர். ரஹ்மானை எடுங்கள். ஒன்பது வயதில் அப்பாவை இழந்த பையன். குடும்பத்தின் கஷ்ட காலத்தில் ஒரு சூஃபி பெரியவரின் அன்பு கிடைத்தது, அம்மாவோடு குடும்பமே மெல்ல மெல்ல அந்தப் பக்கம் நகர்ந்தது. ரஹ்மான் என்ற பெயரை எடுத்துக் கொடுத்தவர் ஓர் இந்து ஜோசியர் என்று அவரே சொல்லியிருக்கிறார். கேரளத்து எழுத்தாளர் கமலா தாஸ் 1999-இல் மாறும்போது அவருக்கு வயது 65. நாலப்பாட்டு என்ற பேர்பெற்ற குடும்பத்து அம்மா, புகழுக்கும் குறைவில்லை, பணத்துக்கும் குறைவில்லை. இப்படி ஒவ்வொருவரும் ஒவ்வொரு வாசல் வழியாக உள்ளே போயிருக்கிறார்கள். வெளியே வருகிறவர்களும் உண்டு. அமெரிக்காவில் நடந்த ஆய்வுகளில் இஸ்லாத்தில் சேருகிறவர்களும் விலகுகிறவர்களும் ஏறக்குறையச் சமமாக இருக்கிறார்கள். நம் நாட்டில் இரண்டுமே குறைவு. பியூ ஆய்வு மையம் சுமார் 30,000 பேரிடம் கேட்டு 2021-இல் வெளியிட்ட அறிக்கையில், நூற்றுக்கு 98 பேர் வளர்ந்த மதத்திலேயே இருக்கிறார்கள்.

இப்போது அந்த வாணியம்பாடிப் பையன். நீங்களே எழுதிவிட்டு நீங்களே தாண்டிப் போய்விட்டீர்கள். சொந்தக்காரர்களே கதவைச் சாத்திக்கொண்ட நாட்களில் 15 நாள் ஒருவன் சோறு கொண்டுவந்து வைத்திருக்கிறான். "சோத்தைப் போட்டு மாத்திட்டான்" என்று உங்கள் தம்பி சொல்வார், சொல்லட்டும். இவன் எதை வைத்து இப்படி இருக்கிறான் என்று உங்கள் மகனுக்கு ஒரு கேள்வி வந்திருக்கும். பிறகு கூடப் போய் ஒரு ரம்ஜான் பார்த்திருப்பான், ஒருநாள் நோன்பு இருந்து பார்த்திருப்பான். ஐந்து வேளை தொழுகை என்பது நேரங்காலம் இல்லாமல் வாழ்கிறவனுக்கு ஒரு கடிகாரம். இதெல்லாம் என் ஊகம். உண்மை அவனிடம் இருக்கிறது, மூன்று மாதமாக அவனிடம் யாருமே கேட்கவில்லை. "ஏன்டா இப்படிப் பண்ணினே?" என்பது கேள்வி இல்லை, திட்டு. "அந்தப் பையன் பேரு என்ன, அவன் வீட்டுக்குப் போயிருக்கியா, அவங்க அம்மா எப்படி?" என்று தொடங்கிப் பாருங்கள்.

நீங்கள் என்ன குறை வைத்தீர்கள்? ஒன்றரை வருஷம் மறைத்தவன், மனசு வராமல் உங்களிடம் வந்து சொல்லியிருக்கிறான். குறை வைத்த வீட்டில் பிள்ளைகள் சொல்லிக்கொள்ள மாட்டார்கள், நம்பரை மாற்றிவிட்டுப் போய்விடுவார்கள்.

சொத்து விஷயத்தில் உங்கள் தம்பிக்குச் சட்டம் தெரியவில்லை. மதம் மாறியதால் ஒருவனின் வாரிசுரிமை போகாது என்று 1850-லேயே சட்டம் வந்துவிட்டது. 1956-ஆம் வருடத்து இந்து வாரிசுரிமைச் சட்டத்தின் 26-ஆம் பிரிவு தடுப்பது, மாறிய பிறகு அவனுக்குப் பிறக்கும் பிள்ளைகளைத்தான். வாரிசுரிமை எழும் நேரத்தில் அவர்கள் இந்துவாக இல்லாவிட்டால் இந்து உறவினர் சொத்தில் வாரிசாக முடியாது. உங்கள் வீட்டுக்காரர் சொந்தமாகச் சம்பாதித்ததை யாருக்கு வேண்டுமானாலும் உயில் எழுதலாம், அது எப்போதும் உள்ளது. ஆனால் கோபத்தில் இருக்கும்போது பத்திரம் எழுதாதீர்கள். பெண் விவகாரமாகவே இருந்தாலும் 1954-ஆம் வருடச் சிறப்புத் திருமணச் சட்டப்படி மதம் மாறாமலே கல்யாணம் செய்யலாம். அது தெரிகிற அளவுக்குப் படித்தவன்தானே உங்கள் மகன்? உண்மையில் கல்யாண விஷயத்தில் இனிமேல்தான் அவனுக்குச் சிரமம். தொழுகை வரிசையில் தோளோடு தோள் நிற்கிற பெரியவர், புதிதாக வந்தவன் பெண் கேட்டால் ராவுத்தரா லெப்பையா என்று யோசிப்பார். அவன் மனசு உடைகிற நாள் வந்தால் அன்றைக்கு அவனுக்கு உங்கள் வீடு வேண்டும்.

கறி விஷயம். கெடா வெட்டை அவன் தொடாதது உங்களை அவமதிக்க இல்லை. இறைவன் அல்லாத பெயரில் படைத்ததை உண்ணக் கூடாது என்பது குர்ஆனில் நேராக உள்ள விலக்கு, அதில் அவனால் வளைந்து கொடுக்க முடியாது. இத்தனை வருஷம் ஞாயிற்றுக்கிழமைக் கறி எந்தக் கடையில் வாங்கினீர்கள்? பாய் கடை என்றால் ஒரு மாற்றமும் தேவையில்லை, அதே கடையில் அரைக் கிலோ எடுத்துத் தனிச் சட்டியில் வையுங்கள். புதிதாகச் சேர்ந்தவர்களுக்கு முதல் இரண்டு மூன்று வருஷம் ஒரு வேகம் இருக்கும். சிலர் தாத்தா படத்தைக்கூட வீட்டில் மாட்டாதே என்று வந்து நிற்பார்கள். அங்கே நீங்கள் அம்மாவாகக் குரலை உயர்த்தலாம், "இது என் வீடு" என்று சொல்லலாம். அவன் வேலையை விடப் போகிறேன் என்றாலோ, பழைய நண்பர்கள் எல்லோரையும் வெட்டிவிட்டாலோ, பணம் எங்கே போகிறது என்று சொல்ல மறுத்தாலோ, அப்போது கவலைப்படுங்கள். நீங்கள் எழுதியதில் அப்படி ஒன்றும் இல்லை.

இனி கொள்ளி. நெருப்புச் சட்டியைத் தூக்கிக்கொண்டு முன்னால் நடக்க அவன் வர மாட்டான். இதை இப்போதே தெரிந்துகொள்வது நல்லது, சாவு வீட்டில் தெரியவந்தால் ஊர் முன்னால் சண்டையாகும். அதனால் அவன் வரவே மாட்டான் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். குர்ஆனின் 31-ஆம் அத்தியாயம், 15-ஆம் வசனம்: பெற்றோர் வேறு தெய்வத்தை வணங்கச் சொன்னால் கேட்காதே, ஆனால் இவ்வுலகில் அவர்களோடு நல்லபடி சேர்ந்து இரு. நபியின் மைத்துனி அஸ்மா, இஸ்லாத்துக்கு வராத தன் தாய் வந்து நின்றபோது உறவாடலாமா என்று கேட்க, உறவைப் பேணு என்றுதான் பதில் வந்தது. நபியை வளர்த்துக் காத்த அபூ தாலிப் கடைசிவரை மாறாமலே இறந்தார் என்பது சுன்னி மரபு. அவரை அடக்கம் செய்தது அவர் மகன் அலி. இவை எல்லாம் உங்கள் மகன் மதிக்கிற நூல்களில் இருப்பவை. நீங்கள் எடுத்துச் சொன்னால் அவனால் மறுக்க முடியாது. கமலா தாஸ் 2009-இல் இறந்தபோது இதுவே தலைகீழாக நடந்தது. மதம் மாறாத பிள்ளைகள், தாய் விரும்பியபடியே திருவனந்தபுரம் பாளையம் பள்ளிவாசலில் அடக்கம் நடக்க விட்டார்கள்.

உங்களுக்கு மகள் இருக்கிறாள். மகள்கள் கொள்ளி வைப்பது இப்போது நம் பக்கத்திலும் நடக்கிறதுதான். அவளிடம் இப்போதே பேசுங்கள். அப்புறம் மகனிடம், "கொள்ளியை அவ வைப்பா, பாடையில ஒரு பக்கம் நீ தோள் குடுப்பியா?" என்று நேராகக் கேளுங்கள். அவன் என்ன சொல்வான் என்று நான் எழுதப் போவதில்லை.

அடுத்த முறை அவன் ஊருக்கு வரும் வெள்ளிக்கிழமை, தொழுகை முடித்து வீடு வரும்போது மணி இரண்டு ஆகும். அதுவரை நீங்களும் சாப்பிடாமல் இருங்கள். வீட்டுக்காரரைப் பேச வைக்கப் பார்க்காதீர்கள், பட்டறையிலிருந்து வந்தால் அவர் பாட்டுக்கு அங்கேயே உட்கார்ந்து கேட்கட்டும். உங்கள் தம்பியை மட்டும் அன்றைக்கு வரச் சொல்லாதீர்கள்.