லினக்ஸ் கெர்னல் மெமரி லாக்கு, ரேஸு: நம்ம வேலூர் பசங்க கேட்டதுக்கு பதில்

காட்பாடி தம்பி: அண்ணா, என் டிரைவர் லோடு ஏறினா சில நாள் அப்படியே தொங்கிடுது. எங்க ஆரம்பிக்கணும்?

மொதல்ல ரீபூட் பண்றத நிறுத்து தம்பி, தொங்குற மிஷின்லதான் சாட்சியே இருக்குது. சிஸ்ரிக்யூல (கெர்னல நேரா கேக்குற கீ) டபிள்யூ அழுத்து, டி ஸ்டேட்ல, அதாவது எழுப்ப முடியாத காத்திருப்புல, மாட்டிகினு இருக்கிற டாஸ்க் எல்லாத்தோட ஸ்டாக்கும் (எந்த ஃபங்ஷன்ல நிக்குதுன்ற பட்டியல்) வந்துடும். நீ போட்ட டிரேஸ்ல பாத்தேன், எம்மேப் லாக்க (ப்ராசஸோட மெமரி மேப்ப காக்குற லாக்) ரீட்ல, அதாவது பல பேர் சேந்து படிக்கிற மாதிரி, புடிச்சிகினே காபி டு யூசர் (கெர்னல்ல இருந்து யூசர் மெமரிக்கு காபி) கூப்பிடுற. அந்த பேஜ் மெமரியில இல்லன்னா பேஜ் ஃபால்ட் ஆகி அதே லாக்க திரும்ப ரீட்ல கேக்கும், ரெண்டுமே ரீட் தானேன்னு தோணும், ஆனா நடுவுல இன்னொரு த்ரெட் ரைட் லாக் (ஒருத்தருக்கு மட்டும்) கேட்டு வரிசையில நின்னுட்டா நீ அவனுக்கு பின்னாடி நிக்கணும், அவனோ உன் மொத ரீட்ட விட்டாதான் நகருவான். அவன் வராத நாள்ல ஓடும், வந்த நாள்ல தொங்கும். லாக்க விட்டுட்டு காபி பண்ணு.

அதே தம்பி: கெர்னல் 6.4ல விஎம்ஏவுக்கு (மெமரி மேப்போட ஒவ்வொரு துண்டுக்கும்) தனித்தனி லாக் வந்துடுச்சே?

2023ல வந்துச்சு, நல்ல வேலைதான். ஆனா எக்ஸ்86ல அந்த வழி யூசர் மோட் ஃபால்ட்டுக்குத்தான், உன்னுது கெர்னல் உள்ள இருந்து வருது.

ராணிப்பேட்டை தங்கச்சி: லாக்டெப் (லாக் எடுக்குற வரிசைய சரிபாக்குற கெர்னல் கருவி) கத்துது, ஆனா ஒரு தடவகூட தொங்கலண்ணா. பொய் அலாரமா?

பெரும்பாலும் இல்லம்மா. ஒரு எடத்துல ஏ புடிச்சு பி, இன்னொரு எடத்துல பி புடிச்சு ஏ, இந்த ரெண்டையும் தலா ஒரு தடவ பாத்தாலே அது சொல்லிடும். லாங்கு பஜார் சந்துல காலையில ஒரு லோடு ஆட்டோ இந்தப் பக்கம், சாயந்திரம் ஒண்ணு அந்தப் பக்கம் போனா மாட்டாது, ஒரே நேரத்துல வந்தா மாட்டும். எம்எம் (மெமரி மேனேஜ்மென்ட்) லாக் எந்த வரிசையில எடுக்கணும்னு ஆர்மேப் டாட் சி ஃபைல் தலையிலேயே எழுதி வெச்சிருக்காங்க, பிரிண்ட் எடுத்து மேசையில ஒட்டிக்கோ.

ஆரணி: ஃபைல்சிஸ்டம் லாக் உள்ள கேமெல்லாக் (கெர்னல்ல மெமரி கேக்குறது) பண்ணலாமா?

சாதாரண ஃபிளாக் ஜிஎஃப்பி கெர்னல்னா மெமரி கம்மியானப்ப ரிக்ளைம் (மெமரிய மீட்குற வேலை) திரும்ப ஃபைல்சிஸ்டத்துக்குள்ளயே போய் அதே லாக்க கேக்கலாம். ரிக்ளைம் அங்க போவாம தடுக்குற மெம்அலாக் நோஎஃப்எஸ் சேவ் போட்டுடு. ஸ்பின்லாக் (தூங்காம சுத்திகினே காத்திருக்கிற லாக்) உள்ளன்னா தூங்கவே கூடாது, தூங்காம மெமரி கேக்குற ஜிஎஃப்பி அட்டாமிக் தான்.

குடியாத்தம்: பிரிண்ட்கே (கெர்னல்ல மெசேஜ் பிரிண்ட் பண்றது) போட்டா பக் காணாம போயிடுதுங்க.

ரேஸோட (ரெண்டு த்ரெட் ஒரே டேட்டாவ காவல் இல்லாம தொடுறது) கொணமே அதான், பிரிண்ட் டைமிங்க மாத்திடுது. கெர்னல் 5.8ல வந்த கேசிசான (ரேஸ் புடிக்கிற கருவி) ஆன் பண்ணுங்க, அது ஒரு அட்ரஸ்ல காவல் போட்டு கொஞ்சம் தாமதிச்சு நடுவுல வேற யாராவது தொடுறாங்களான்னு பாக்கும். ரிப்போர்ட் வந்ததும் ரீட் ஒன்ஸ் (வேணும்னேதான் லாக் இல்லாம படிக்கிறேன்னு குறிக்கிற மேக்ரோ) போட்டு வாய அடைக்கிறாங்க பாருங்க, அது எனக்கு நெஜமாவே கோவம் வர விஷயம். டர்ட்டி கவ்ன்ற செக்யூரிட்டி ஓட்டை, காபி ஆன் ரைட்ல (எழுதும்போது மட்டும் பேஜ காபி எடுக்குற முறை) இருந்த ரேஸ்தான், 2007ல இருந்து 2016 வரைக்கும் கெர்னல்லயே கெடந்துச்சு. உங்க ரிப்போர்ட்ல வர்ற ரெண்டு த்ரெட்டும் எந்த வேரியபிள தொடுது, எந்த லாக் அத காக்கணும்னு பேப்பர்ல எழுதிட்டு அப்புறம் கோட தொடுங்க.