நான்கு நாள் குடிமகன்

அன்புள்ள ஐயா,

டல்லாஸில் பன்னிரண்டு வருடமாக இருக்கிறேன். எங்கள் தெருவில் ஒரு ஹோண்டுராஸ் குடும்பம். மூத்த பையனுக்கு இப்போதுதான் பதினெட்டு முடிந்தது. நான்கு வயதில் அம்மா கையைப் பிடித்துக்கொண்டு எல்லை தாண்டி வந்தவன். பேப்பர் எதுவும் கிடையாது. மரைன் படையில் சேர வேண்டும் என்று சின்ன வயதிலிருந்தே சொல்லிக்கொண்டிருப்பான். போன மாதம் ஆள் சேர்க்கும் அலுவலகத்துக்குப் போயிருக்கிறான். சோஷியல் செக்யூரிட்டி என்ற அரசாங்க அடையாள எண் கேட்டதும், அது இல்லாததால் எழுந்து வந்துவிட்டானாம். அன்று சாயங்காலம் எங்கள் வீட்டுப் படியில் உட்கார்ந்து அழுதான்.

இந்த நாட்டுக்காக உயிரையே கொடுக்கத் தயார் என்கிறவனிடம், "நாலு வருடம் படையில் இரு, குடியுரிமை வாங்கிக்கொள்" என்று சொன்னால் என்ன தவறு? கிரீன் கார்டு வரிசையில் நிற்கிற எனக்கே அது நியாயமாகத்தான் படுகிறது. நீங்களோ முன்பு இதை "ரத்தத்துக்கு விலை பேசுவது" என்று எழுதியிருந்தீர்கள். ஏன்?

எஸ்., டல்லாஸ்

அன்புள்ள எஸ்.,

படியில் உட்கார்ந்து அழுத பையன் இரண்டு நாளாக மனதை விட்டுப் போகவில்லை. அவன் படையில் சேரக் கூடாது என்று நான் நினைக்கவே இல்லை. அவனுக்குக் கதவு திறக்க வேண்டும். நான் பயப்படுவது நீங்கள் சொன்ன வரிசையைப் பார்த்துத்தான்: முதலில் நாலு வருட உயிர்ப்பணயம், அப்புறம் காகிதம். அந்த வாக்குறுதியை அமெரிக்கா எப்படிக் காப்பாற்றியது என்பதற்கு நூறு வருடக் கதை இருக்கிறது.

அதற்கு முன் அந்தப் பையன் நிற்கும் இடத்தைச் சொல்லிவிடுகிறேன். அமெரிக்கப் படையில் குடிமக்கள் சேரலாம், கிரீன் கார்டு உள்ளவர்கள் சேரலாம். பேப்பர் இல்லாதவர்களுக்கு வழி இல்லை. ஆனால் கட்டாய ராணுவ சேவை என்று ஒன்று வந்தால் யாரையெல்லாம் கூப்பிடலாம் என்று ஒரு பதிவேடு வைத்திருக்கிறார்களே, அதில் 18 முதல் 25 வயது வரையுள்ள ஆண்கள் இருக்க வேண்டும் என்பது சட்டம். அது பேப்பர் இல்லாதவர்களுக்கும் பொருந்தும். முறையான எச்-1பி விசாவோ மாணவர் விசாவோ வைத்திருப்பவருக்கு விலக்கு உண்டு. உங்கள் தெருப் பையனுக்கு இல்லை. தானாகச் சேர வந்தால் வேண்டாம் என்கிறார்கள். போர் முற்றினால் கூப்பிடுவதற்கு மட்டும் அவன் பெயர் வேண்டும். இதை முதலில் படித்தபோது தவறாகப் புரிந்துகொண்டோமோ என்று திரும்பப் படித்தேன்.

இனி பகத் சிங் திண்ட் கதைக்கு வருகிறேன். 1913-ல் பஞ்சாபிலிருந்து அமெரிக்கா போனவர். படிப்புச் செலவுக்கு ஓரிகானில் மரம் அறுக்கும் ஆலைகளில் உழைத்தார். 1918-ல் ராணுவத்தில் சேர்ந்தார். வாஷிங்டன் மாநிலத்தில் கேம்ப் லூயிஸ் முகாம். அங்கே எடுத்த ஒரு படம் இருக்கிறது. தொப்பி போட்ட வெள்ளைக்காரச் சிப்பாய்களுக்கு நடுவில், அதே சீருடையில், தலைப்பாகையோடு நிற்கிறார். படையில் சேர்ந்தவர்களுக்குக் குடியுரிமை சீக்கிரம் கிடைக்க அந்த வருடம் சட்டம் செய்திருந்தார்கள். டிசம்பர் 9 அன்று, சீருடையிலேயே, அவருக்குக் குடியுரிமை கொடுத்தார்கள். நான்கே நாளில் திரும்பப் பிடுங்கினார்கள். வெள்ளையரும் ஆப்பிரிக்க வம்சாவளியினரும் மட்டுமே குடியுரிமை பெறலாம் என்பது அன்றைய சட்டம். இவர் வெள்ளையர் இல்லை என்றார்கள்.

1920-ல் ஓரிகான் நீதிமன்றம் மறுபடி கொடுத்தது. அரசாங்கம் விடவில்லை. 1923 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் அரசாங்கத்தின் பக்கம் தீர்ப்புச் சொன்னது. முதல் உலகப் போரில் பணியாற்றிய ஆசியர்களுக்கென்று 1935-ல் ஒரு சட்டம் வந்த பிறகுதான், 1936-ல், திண்ட் அமெரிக்கக் குடிமகன் ஆனார். சீருடை போட்டு 18 வருடம் கழித்து.

அது அந்தக் காலம் என்று நீங்கள் சொல்லலாம். நம் ஊர் ஆட்களையும் தொட்ட ஒரு திட்டம் 2009-ல் தொடங்கியது. சுருக்கமாக மாவ்னி என்பார்கள். கிரீன் கார்டு இல்லாமல் விசாவில் இருப்பவர்களிலிருந்து, மருத்துவர்களையும் ராணுவத்துக்குத் தேவையான மொழி தெரிந்தவர்களையும் எடுத்தார்கள். அந்த மொழிப் பட்டியலில் தமிழும் இருந்தது, சிங்களமும் இருந்தது. கிரீன் கார்டு வரிசையில் வருடக்கணக்காக நிற்பதற்குப் பதில் அடிப்படைப் பயிற்சி முடிந்த கையோடு குடியுரிமை என்றால் யாருக்குத்தான் ஆசை வராது? பத்தாயிரம் பேருக்கு மேல் சேர்ந்தார்கள். 2014-ல், சிறு வயதில் பேப்பர் இல்லாமல் வந்து ஒபாமா அரசிடம் தற்காலிகப் பாதுகாப்பு பெற்றிருந்த இளைஞர்களுக்கும் இதில் இடம் கொடுத்தார்கள். உங்கள் பையனைப் போன்றவர்களுக்குத்தான்.

2016-ல் பின்னணிச் சோதனை போதாது என்று புதிய கட்டுப்பாடுகள் வந்தன. திட்டம் நின்றது. அதற்குள் கையெழுத்துப் போட்டவர்கள் பயிற்சிக்கு எப்போது அழைப்பார்கள் என்று மாதக்கணக்கில், வருடக்கணக்கில் காத்திருந்தார்கள். இந்த இடத்தைக் கொஞ்சம் நின்று பாருங்கள். சேரும்போது அவர்களில் மிகப் பெரும்பாலோர் முறையான விசாவில் இருந்தவர்கள். படை கூப்பிடும் என்று காத்திருந்ததில் பலருக்கு விசா தீர்ந்துபோனது. ராணுவத்தின் தாமதமே அவர்களைப் பேப்பர் இல்லாதவர்கள் ஆக்கியது. சிலரைக் காரணம் சொல்லாமலே விலக்கி அனுப்பினார்கள். குடியுரிமைக்கு மனுப் போட, இவர் கண்ணியமாகப் பணியாற்றுகிறார் என்று ராணுவம் சான்று தரும் என்-426 என்ற படிவம் வேண்டும். அதில் ஒரு அதிகாரியின் கையெழுத்து வாங்குவதற்காக அந்தச் சிப்பாய்கள் 2017-ல் தங்கள் சொந்த ராணுவத்தின் மேலேயே வழக்குப் போட வேண்டியிருந்தது.

பணி முடித்தவர்களாவது நிம்மதியாக இருந்தார்களா? ஹெக்டர் பராஹாஸ் மெக்சிகோவில் பிறந்து, ஏழு வயதில் அமெரிக்கா வந்து, கிரீன் கார்டோடு ராணுவத்தில் சேர்ந்தவர். 82-ஆவது வான்வழிப் பிரிவில், விமானத்திலிருந்து குதிக்கும் சிப்பாய். வெளியே வந்த பிறகு ஒரு வண்டியைச் சுட்ட வழக்கில் சிறை சென்றார். அந்தக் குற்றத்துக்கு நான் வக்காலத்து வாங்கவில்லை. தண்டனையை அனுபவித்த பிறகு, 2004-ல் மெக்சிகோவுக்கு நாடு கடத்தினார்கள். தன்னைப் போல நாடு கடத்தப்பட்ட முன்னாள் சிப்பாய்களுக்காக, எல்லையை ஒட்டிய மெக்சிகோ நகரமான திஹுவானாவில் ஒரு வீடு நடத்தினார். பதுங்கு குழி என்று அதற்குப் பெயர். 2017-ல் கலிபோர்னியா ஆளுநர் மன்னிப்பு வழங்க, 2018-ல்தான் குடிமகனாகத் திரும்பினார். படையில் சேர்ந்தாலே குடிமகன் ஆகிவிட்டோம் என்று நம்பி மனுவே போடாமல் இருந்தவர்கள் அவரைப் போல நாடு கடத்தப்பட்டவர்களில் பலர்.

நீங்கள் கேட்கும் சட்டத்துக்கு மிக அருகில் வந்தது ட்ரீம் சட்ட மசோதா. சிறு வயதில் வந்தவர்கள் இரண்டு வருடம் கல்லூரி படித்தால் போதும், அல்லது இரண்டு வருடம் படையில் இருந்தால் போதும் என்றது. 2010 டிசம்பரில் கீழவையில் வென்றது. மேலவையான செனட்டில் 60 வாக்கு வேண்டிய இடத்தில் 55 கிடைத்து நின்றுபோனது. அது வந்திருக்க வேண்டும் என்றுதான் இன்றும் நினைக்கிறேன். ஆனால் கல்லூரிக்குப் பணம் இருக்கிற வீட்டுப் பையன் ஒரு வாசலில் போவான், உங்கள் தெருப் பையன் இன்னொரு வாசலில் போவான். ரத்தத்துக்கு விலை என்று நான் எழுதியது இதை நினைத்துத்தான். பள்ளியும் நண்பர்களும் பேச்சும் எல்லாம் டெக்சாஸாக வளர்ந்தவன், அந்த ஊர்க்காரன் என்று காட்டத் துப்பாக்கி தூக்கவேண்டியதில்லை. அவனே விரும்பிச் சேர்வது வேறு. அப்படிச் சேர்ந்தால், கையெழுத்துப் போடுகிற அன்றைக்கே குடியுரிமை உறுதியாக வேண்டும். படை கலைத்தாலும், திட்டம் நின்றாலும், ஆட்சி மாறினாலும் திரும்பப் பிடுங்க முடியாதபடி. அப்படி ஒரு சட்டம் வந்தால் உங்களோடு சேர்ந்து நானும் கொண்டாடுவேன்.

இப்போதைக்கு அவனிடம் ஒன்று சொல்லுங்கள். எந்த விண்ணப்பத்திலும், எவ்வளவு அவசரமானாலும், "அமெரிக்கக் குடிமகன்" என்ற கட்டத்தில் டிக் போட வேண்டாம். பொய்யாகக் குடியுரிமை கோரினால், நாளைக்குத் திறக்கக்கூடிய கதவும் நிரந்தரமாக மூடிவிடும். ராணுவப் பதிவேட்டு விஷயத்தையும், இருபத்தாறு வயதாவதற்குள், குடியேற்றச் சட்டம் தெரிந்த ஒரு வக்கீலிடம் கேட்டுச் செய்யட்டும். நாளை குடியுரிமைக்கு மனுப் போடும்போது அதைக் கேட்பார்கள். வக்கீலிடம் தனியாக அனுப்பாதீர்கள், நீங்களும் கூடப் போங்கள்.